கடைசி வரிசைக்குக் கேட்கிற வண்டி

தனி ஆளுக்கு ஏழு பேர் உட்காருகிற வண்டி எதற்கு என்று அந்தக் குடியிருப்பில் கேட்காத வாய் இல்லை. கிலோ சாரிடம் நேராகத்தான் யாரும் கேட்கவில்லை. அந்த அளவுக்கு நாகரிகம் தெரிந்த ஜனங்கள்.

கிலோ சார் என்பது குடியிருப்பு அவருக்கு வைத்த பெயர். தராசு சரிபார்ப்பது தொழில். கடை, ஆஸ்பத்திரி, தபால் நிலையம், தொழிற்சாலை என்று எங்கே எடை போடுகிற இயந்திரம் இருக்கிறதோ, அங்கே இரும்புக் கற்களை எடுத்துக்கொண்டு போவார். தட்டில் வைத்துப் பார்ப்பார். பொய் சொல்லுகிற தராசைத் திருத்திவிட்டு வருவார். அவர் வீட்டு வரவேற்பறையில், டிவி இருக்க வேண்டிய இடத்தில், எடைக்கற்கள் உயரவாரியாக நிற்கும், குரூப் போட்டோவுக்கு நிற்கிற மாதிரி. ஆளைப் பார்த்தே எடையைச் சொல்லிவிடுவார் என்று ஒரு பேச்சு உண்டு. அதனால் அவர் லிஃப்டில் ஏறினால், கொஞ்சம் பூசினாற்போல் இருக்கிறவர்கள் 'நடந்தால் உடம்புக்கு நல்லது' என்று படிப்பக்கம் திரும்பிவிடுவார்கள்.

மனைவி இருந்தவரை அந்த வீட்டிலிருந்து பேச்சுச் சத்தம் கேட்டுக்கொண்டே இருக்கும். பேசியதெல்லாம் அந்தம்மாதான். அவர் 'ம்' கொட்டுகிற கட்சி. அந்தம்மா போன பிறகு, 'ம்' கொட்டவும் அங்கே வேலை இல்லாமல் போயிற்று.

பெரிய வண்டி ஆசை முளைத்தது, போன தடவை மகள் வந்தபோது. மகள், மாப்பிள்ளை, ஒரு பேரன், ஒரு பேத்தி எல்லோரும் கடல் தாண்டி இருக்கிறவர்கள். அழைத்துவர விமான நிலையத்துக்கு சம்பந்தி வீட்டாரும் தங்கள் பெரிய வண்டியில் வந்திருந்தார்கள். கிலோ சாரிடம் இருந்ததோ, நாலு பேர் மூச்சைப் பிடித்துக்கொண்டு உட்காருகிற சின்ன வண்டி. கொஞ்ச நேரக் குழப்பத்துக்குப் பிறகு ஆட்கள் அத்தனை பேரும் பெரிய வண்டிக்குப் போனார்கள். பெட்டிகள் அத்தனையும் சின்ன வண்டிக்கு வந்தன.

"அப்பா, பின்னாலேயே வந்துடுங்க" என்றாள் மகள்.

வந்தார். வழி முழுக்க முன்னால் போன வண்டியின் பின்கண்ணாடிதான் அவருக்குக் காட்சி. உள்ளே தலைகள் திரும்பின, கைகள் ஆடின. ஒரு சிக்னலில் எல்லாத் தலையும் ஒரே சமயத்தில் பின்னால் சாய்ந்து குலுங்கின. சிரிக்கிறார்கள். பக்கத்து சீட்டில் இருந்த பெட்டியைப் பார்த்து அவரும் கொஞ்சம் சிரித்துவைத்தார்.

அவர்கள் ஊருக்குத் திரும்பிய கையோடு சின்ன வண்டியை விற்றுவிட்டார். ஏன் சார் என்று காவலாளி வாயைக் கிளறியதற்கு, "கியர் இறுக்கமா இருக்குப்பா" என்று சொல்லிவிட்டு நடையைக் கட்டினார்.

இப்போது பள்ளி விடுமுறைக்கு மறுபடி வருகிறார்கள். இந்தத் தடவை அந்தச் சிரிப்பு நடக்கிற வண்டிக்குள் தானும் இருக்க வேண்டும். அவர் ஆசை அவ்வளவுதான். அதற்கு ஏழு இருக்கை வேண்டும். சம்பந்தியும் சம்பந்தியம்மாவும் விமான நிலையத்துக்கு வராமல் இருக்க மாட்டார்கள்.

அவர் கையில் இருந்த பணத்துக்கு இரண்டு வண்டிகள் அகப்பட்டன. ஒன்று சாம்பல் நிறம், ஒன்று சிவப்பு. இரண்டு கடைகளும் ஒரே சாலையில் எதிரும் புதிருமாக, முறைத்துக்கொண்டு நிற்கும். விலையில் வித்தியாசம் என்று எதுவும் கிடையாது. ஒருவன் கால்மிதி இலவசம் என்றால் மற்றவன் சீட்டு உறை இலவசம் என்பான். குடியிருப்பே இரண்டு கட்சியாகப் பிரிந்தது. வீட்டில் சைக்கிள்கூட இல்லாத செயலாளர் சாம்பல்தான் என்று அடித்துச் சொன்னார். மூன்றாவது மாடி டீச்சர், "சாம்பல் அழுக்கு தெரியாது, ஆனா மனசுக்கு ஒரு மாதிரி இருக்கும் சார். சிவப்பு எடுங்க, தூரத்துலேயே தெரியும்" என்றார். யாருக்குத் தெரிய வேண்டும் என்று டீச்சரும் சொல்லவில்லை, அவரும் கேட்கவில்லை.

எல்லாரும் சொன்னதற்கும் தலையாட்டிவிட்டு, கிலோ சார் தனக்குத் தெரிந்த வழியில் இறங்கினார். எடை.

முதல் போன் மகளுக்கு.

"எதுக்குப்பா என் வெயிட்டு? பட்டினி போடப் போறீங்களா?"

"சும்மாதான் சொல்லும்மா."

சொன்னாள். அவருக்கு நம்பிக்கை வரவில்லை. மேலே கொஞ்சம் போட்டுக்கொண்டார். மாப்பிள்ளை சரியாகச் சொன்னார். பிள்ளைகள் கத்திச் சொன்னார்கள். அடுத்த போன் சம்பந்தி வீட்டுக்கு. எடுத்தது சம்பந்தியம்மா.

"சம்பந்தியம்மா, ஒரு சின்ன விவரம் வேணும். உங்க எடை எவ்வளவு இருக்கும்?"

அந்தப் பக்கம் போன் கை மாறுகிற சத்தம் கேட்டது. பிறகு ஆண் குரல் வந்தது. "சம்பந்தி, என்ன, உடம்பு கிடம்பு சரியில்லையா உங்களுக்கு?"

சம்பந்தியம்மாவின் எடையைக் கண்ணால் பார்த்த நினைவிலிருந்தே கணக்கிட்டுக்கொண்டார். அதை யாரிடமும் சொல்லவில்லை. அந்தக் குடும்பத்தில் இன்னும் அமைதி நிலவுகிறதென்றால் அதுதான் காரணம்.

சாம்பல் கடையில் டை கட்டிய விற்பனையாளர், ஓட்டிப் பார்க்க வண்டியை வாசலில் நிறுத்திவிட்டு உள்ளே போனார். திரும்பி வந்து பார்த்தால், கிலோ சார் ஒரு சரக்கு வண்டியிலிருந்து இரும்புக் கற்களை இறக்கி, சீட்டு கெட்டுப்போகாமல் துண்டு விரித்து, ஒவ்வொரு இருக்கையிலும் அடுக்கிக்கொண்டிருந்தார்.

"சார், இது என்ன சார்?"

"இது எங்க மாப்பிள்ளை" என்றார். "இது பொண்ணு. இது பேத்தி. பின்னாடி சம்பந்தி இருக்கார்." கற்களுக்கு பெல்ட்டும் மாட்டினார். "தராசுல நடுத்தட்டுல கல்லை வச்சா எல்லாத் தராசும் உத்தமன்தான் தம்பி. ஓரத்துல வச்சாத்தான் சாயம் வெளுக்கும். ஆளுங்க உக்காந்தா எந்தப் பக்கம் சாயுதுன்னு பாக்கணும்."

டை கட்டியவர் கடைக்குள் எட்டிப் பார்த்தார். யாராவது பெரியவர்கள் வந்து காப்பாற்றுவார்கள் என்று நினைத்திருக்கலாம். யாரும் வரவில்லை. கற்கள் ஆறு இருக்கையையும் எடுத்துக்கொண்டதால் அவருக்கு இடம் இல்லை. கிலோ சார் அடையாள அட்டையை அடகு வைத்துவிட்டுத் தனியாக ஓட்டிக்கொண்டு போனார்.

வளைவுகள் இருக்கிற சாலையாகப் பார்த்துப் போனார். மேட்டில் ஏற்றினார். வேகத்தடையில் மெதுவாக இறக்கும்போது பின்னால் இரும்பும் இரும்பும் உரசி ஒரு சின்ன முணுமுணுப்பு வந்தது. அவர் அறியாமலே 'ம்' என்றார். சொன்ன பிறகுதான் தெரிந்தது. காது சிவந்துவிட்டது, பார்க்க ஆள் இல்லாவிட்டாலும். திரும்பிப் போக இரண்டு வழி இருந்தது. சுற்று வழியில் போனார்.

எதிர்க்கடை சிவப்பு வண்டியிலும் அதே குடும்பத்தை ஏற்றிக்கொண்டு அதே வளைவுகளைச் சுற்றினார். இரண்டும் ஒன்றுபோலத்தான் சாய்ந்தன, ஒன்றுபோலத்தான் நிமிர்ந்தன. தொழிலில் இப்படி ஒரு முழிப்பு முழித்ததே இல்லை அவர். ஒரு சின்னக் குண்டுமணி அளவு வித்தியாசம் கிடைத்திருந்தால்கூட முடிவெடுத்திருப்பார்.

முடிவெடுக்க வைத்தது மகள் பேசிய ஒரு வார்த்தை. அவளாக வேண்டுமென்று சொன்னதும் இல்லை.

"அப்பா, புது வண்டியை அவர்தான் ஓட்டுவேன்னு இப்பவே குதிக்கறார். குடுத்துடுங்க, என்ன?"

"அதுக்கென்னம்மா. மாப்பிள்ளை ஓட்டட்டும்."

"நான் முன்னாடி உக்காந்துக்கறேன், அவருக்கு வழி சொல்லணும். அத்தைக்கு முட்டி மடங்காது, அதனால அத்தையும் மாமாவும் நடு சீட்டு. சின்னவளுக்கு வாந்தி வரும், அவளும் அங்கதான். பெரியவன் எங்க வேணா உக்காருவான். நீங்க…" கொஞ்சம் தயங்கினாள். "உங்களுக்குப் பின்னாடி பரவாயில்லைதானேப்பா?"

"எனக்கென்ன, எங்க வேணா உக்காருவேன்."

போனை வைத்த பிறகுதான் அவருக்கு உறைத்தது. பரிசோதனையில் சம்பந்தியை உட்கார வைத்திருந்தாரே, அந்தக் கடைசி வரிசை. அங்கே தான் உட்கார்ந்து பார்க்கவே இல்லை. எடை போட்டவர் தன்னைத் தட்டில் வைக்க மறந்துவிட்டார்.

மறுநாள் கற்கள் இல்லாமல் வெறுங்கையோடு போனார். டை கட்டியவருக்குப் போன உயிர் திரும்பி வந்தது.

"இன்னைக்கு நீங்க ஓட்டுங்க தம்பி. நான் கடைசில உக்காந்துக்கறேன். ஏதாவது பேசிட்டே வாங்க."

சாம்பல் வண்டியின் கடைசி வரிசை சிம்மாசனம்தான். கால் நீட்டலாம், கை வைக்கலாம், தண்ணீர் பாட்டில் செருகலாம். அந்த வரிசைக்கென்றே கூரையில் தனிக் குளிர்காற்று, காதுக்கு நேர் மேலே. வண்டி கிளம்பியதும் அது 'ஹோ' என்று இரைய ஆரம்பித்தது. முன்னால் கண்ணாடியில் டை கட்டியவரின் உதடு அசைவது தெரிந்தது. நிறைய பேசினார் பாவம், கையைக்கூட ஆட்டினார். ஒரு எழுத்து வந்து சேரவில்லை.

"இந்தக் காத்தை நிறுத்தினா?" என்று கத்தினார் கிலோ சார்.

"நிறுத்தலாம் சார்" என்று அவரும் கத்தினார். "வெந்துடுவீங்க!"

எதிர்க்கடையில் விற்பனைப் பெண் சிவப்பு வண்டியை ஓட்டினாள். பின்வரிசை நெருக்கடி. முழங்கால் நெஞ்சுக்கு வந்தது. உள்ளே ஏறவே நடு சீட்டை மடக்கி, குனிந்து, ஒரு பக்கமாகப் புரண்டு போக வேண்டியிருந்தது. குளிர்காற்று பக்கவாட்டில் ஒரு சின்ன ஓட்டை வழியாகச் சத்தமில்லாமல் வந்தது.

"பேசும்மா."

"எஞ்சின் பத்தி சொல்லட்டுமா அங்கிள்? மைலேஜ் பத்தியா?"

"அதெல்லாம் நோட்டீஸ்லேயே இருக்கே. வீட்ல பேசற மாதிரி பேசு."

"வீட்ல நான் யார்கூட பேச? ஹாஸ்டல்ல இருக்கேன்."

"சரி, அங்க யாரைத் திட்டுவ? அதைச் சொல்லு."

அவள் கண்ணாடியில் அவரைப் பார்த்தாள். பிறகு சிரித்தாள். அறையில் கூட இருக்கிறவள் ஒருத்தி. இவளுடைய ஷாம்பூவை எடுத்துத் தேய்த்துவிட்டு, அளவு தெரியாமல் இருக்க தண்ணீர் ஊற்றி வைக்கிறாளாம். கேட்டால் 'கம்பெனிக்காரன் ஏமாத்தறான்டி' என்கிறாளாம். சாதாரணக் குரலில்தான் சொன்னாள், சாலையைப் பார்த்தபடி. ஒவ்வொரு சொல்லும் தட்டில் கல் உட்காருகிற மாதிரி வந்து உட்கார்ந்தது.

"அப்புறம்?" என்றார்.

"அப்புறம் நான் பாட்டிலை அலமாரில பூட்டினேன் அங்கிள். அவ என் சோப்புக்குத் தாவிட்டா."

"அடிப்பாவி. அப்புறம்?"

திரும்ப வேண்டிய இடத்தில் அவள் திரும்ப மறந்தாள். அவரும் நினைவுபடுத்தவில்லை.

சிவப்பைப் பதிவு செய்துவிட்டார் என்றதும் குடியிருப்புக்குத் தலை சுற்றியது. வசதியான வண்டியை விட்டுவிட்டு, முதுகு ஒடிகிற வண்டியை எடுப்பானேன்? செயலாளருக்கு ரோஷம்; நாலு நாள் முகம் கொடுக்கவில்லை. டீச்சருக்குப் பெருமை, தான் சொல்லித்தான் சிவப்பு என்று மாடி மாடியாகப் போய்ச் சொன்னார். அந்தக் கடையில் ஒரு பெண் சிரித்துச் சிரித்துப் பேசுகிறாளாம் என்று ஒரு பேச்சும் கிளம்பிக் கொஞ்ச நாள் ஓடியது. காது கேட்பதற்காக ஒரு மனுஷன் கார் வாங்குவான் என்பது மட்டும் யாருக்கும் தோன்றவில்லை.

அவர்கள் வரும் நாள் வந்தது. எடைக்கற்களையெல்லாம் பால்கனிக்குத் தள்ளிவிட்டு, வரவேற்பறையில் பிள்ளைகளுக்கென்று டீச்சரிடம் இரவல் வாங்கிய இரண்டு கட்டில் போட்டிருந்தார். விடுமுறை முடிகிறவரை கற்கள் வெயிலில் காயட்டும். பெட்டிகளுக்கு, தன் கற்களை ஏற்றிப் போகிற அதே சரக்கு வண்டிக்காரரை வரச் சொல்லியிருந்தார். இந்தத் தடவை பெட்டிகள் தனியாக வரட்டும்.

விமான நிலையத்தில் எல்லாம் அவர் நினைத்தபடியே நடந்தது. பேத்தி ஓடிவந்து இடுப்பைக் கட்டிக்கொண்டாள். மாப்பிள்ளை சாவியை வாங்கிக்கொண்டு வண்டியை ஒரு சுற்று சுற்றிவந்து, "செம வண்டி மாமா!" என்றார். சம்பந்தியம்மா அவரைப் பார்த்ததும் புடவைத் தலைப்பை இழுத்துப் போர்த்திக்கொண்டார், எடையை மறைக்கிற மாதிரி. சொன்னபடியே அவரவர் இடத்தில் அவரவர் உட்கார்ந்தார்கள். கிலோ சார் குனிந்து, புரண்டு, கடைசி வரிசைக்குப் போய் முழங்காலைக் கட்டிக்கொண்டார். பக்கத்தில் பேரன் காதில் எதையோ மாட்டிக்கொண்டு, வண்டி கிளம்பும் முன்பே வாயைத் திறந்து தூங்கிப்போனான்.

"பின்னாடி வசதியா இருக்காப்பா?" என்று மகள் உரக்கக் கேட்டாள்.

"ராஜா மாதிரி இருக்கேன்" என்றார்.

பேச்சு தொடங்கியது. விமானத்தில் கொடுத்த சாப்பாடு, பக்கத்து சீட்டுக்காரரின் குறட்டை, சம்பந்தியின் ரத்த அழுத்தம். ஒன்று விடாமல் வந்து சேர்ந்தது. கிலோ சார் கண்ணை மூடிக்கொண்டார். நல்ல பாட்டுக்கு மூடுகிற மாதிரி.

"ஏம்மா" என்று சம்பந்தியம்மா குரலைத் தாழ்த்தினார். "உங்கப்பா வீட்ல நாலு நாள்தான்னு அவர்கிட்ட சொல்லிட்டியா?"

"இல்ல அத்தை. போன்ல சொல்ல வாய் வரல."

"மிச்ச நாளெல்லாம் நம்ம வீட்லதானே?"

"அங்கதான் அத்தை. பிள்ளைங்களுக்கு அங்கதான் விளையாட ஆள் இருக்கு. அப்பா வீட்ல என்ன பண்ணுவாங்க, கல்லை எண்ணிட்டு இருப்பாங்களா?"

"மெதுவா பேசுங்க" என்றார் சம்பந்தி.

"அங்க எங்க கேக்கப் போகுது?" என்றார் சம்பந்தியம்மா. "நம்ம வீட்டு வண்டில கடைசி சீட்டுன்னா அடுத்த ஊரு மாதிரி. நேத்து கூப்பிட்டா இன்னைக்குத்தான் திரும்பிப் பாப்பீங்க."

"நான் சொல்லிடறேன் மாமாகிட்ட" என்றார் மாப்பிள்ளை.

"வேண்டாம், நானே சொல்றேன். முதல்ல சாப்பிடட்டும்."

கிலோ சார் கண்ணைத் திறக்கவில்லை. கட்டில்களை இரவல் கொடுத்த டீச்சரிடம் இவ்வளவு சீக்கிரம் திருப்பித் தருவதற்கு என்ன காரணம் சொல்வது என்று யோசித்தார். மூட்டைப்பூச்சி என்று சொல்ல முடியாது, டீச்சர் கொடிபிடித்துவிடுவார். நாலு நாள் என்பதும் குறைவு இல்லைதான். ஒன்றுமே இல்லாததற்கு நாலு எவ்வளவோ. அந்தச் சேதியையும் விழுங்கினார். சத்தம் வராமல் விழுங்க அவருக்கு நல்ல பழக்கம்.

முன்னால் பேச்சு திசை மாறியிருந்தது. மாப்பிள்ளை ஸ்டியரிங்கிலிருந்து ஒரு கையை எடுத்து, காதில் போன் வைக்கிற மாதிரி வைத்துக்கொண்டார். கிலோ சாரின் குரல் அச்சாக வந்தது.

"சம்பந்தியம்மா… ஒரு சின்ன விவரம் வேணும்…"

"ஐயோ, அதை ஏன்டா கேக்கற!" என்றார் சம்பந்தியம்மா. "எனக்கு கறிக்கடை ஞாபகம் வந்துடுச்சு. எலும்போடவா, எலும்பில்லாமலான்னு அடுத்தது கேட்டுடுவாரோன்னு பயந்துதான் போனை இவர்கிட்ட தள்ளினேன்!"

வண்டியே குலுங்கியது. மகள் முன்சீட்டில் மடங்கி விழுந்து சிரித்தாள். சம்பந்தி இருமிக்கொண்டே சிரித்தார். எதற்கென்று தெரியாமல் பேத்தியும் சிரித்தாள். எல்லாத் தலையும் ஒரே சமயத்தில் பின்னால் சாய்ந்தன.

அவரும் சிரித்துவிட்டார். அடக்கவே தோன்றவில்லை. எலும்போடவா என்ற சொல்லில் வெடித்துக்கொண்டு வந்தது. வாய்விட்டு, தொடையைத் தட்டிக்கொண்டு, முழங்கால் முன்சீட்டில் இடிக்க இடிக்கச் சிரித்தார். இப்படி அவர் சிரித்துக் கேட்டவர்கள் அந்த வண்டியில் யாரும் இல்லை.

மற்றவர்கள் சிரிப்பு நின்றுபோனது அவருக்குக் கொஞ்சம் தாமதமாகத்தான் தெரிந்தது.

ஒருவரும் திரும்பவில்லை. சம்பந்தி தொடையில் விரலால் எதையோ எழுதிக்கொண்டிருந்தார். மாப்பிள்ளையின் கண் கண்ணாடிக்கு வந்துவிட்டு உடனே சாலைக்கு ஓடியது. கடைசியில் மகள்தான் மெல்லத் திரும்பினாள். முகத்தில் இன்னும் சிரிப்பின் மிச்சம் ஒட்டிக்கொண்டிருந்தது, மேலே என்ன செய்வதென்று தெரியாத கண்கள்.

"அப்பா… அங்க கேக்குதா?"

வாழ்நாள் முழுக்க ஒரு மில்லிகிராம் பொய்யை விடாமல் துரத்திப் பிடித்த மனுஷன். அவளைப் பார்த்தார். கேட்கிறது என்று ஒரு சொல் சொன்னால் போதும். வீடு போகிறவரை வெயிலைப் பற்றியும் சாலையைப் பற்றியும் மட்டும்தான் பேசுவார்கள். நாலு நாளும் அப்படித்தான் போகும்.

காதுக்குப் பின்னால் கையைக் குவித்துக்கொண்டார்.

"என்னம்மா? ஒண்ணும் காதுல விழல. நீங்கள்லாம் சிரிச்சீங்களேன்னு நானும் சிரிச்சேன். என்ன விஷயம்?"

மகளின் தோள் இறங்கியது. அவ்வளவு தூரத்திலிருந்தும் அது தெரிந்தது.

"ஒண்ணுமில்லப்பா" என்று கத்திச் சொன்னாள். "சும்மாத்தான்!"

"சரி சரி" என்று அவரும் கத்தினார்.

அவள் முன்னால் திரும்பிக்கொண்டாள். சம்பந்தியம்மா நெஞ்சில் கை வைத்து மூச்சு விட்டார். பிறகு மாப்பிள்ளை ஏதோ சொல்ல, சம்பந்தி பதில் சொல்ல, பேச்சு மறுபடி ஓட ஆரம்பித்தது. குரலைத் தாழ்த்திக்கொண்டுதான் பேசினார்கள். அதுவும் கேட்டது.

"அப்பா ரொம்ப இளைச்சுட்டார்ல?" என்றாள் மகள், மாப்பிள்ளையிடம் மட்டும்.

மாப்பிள்ளை கண்ணாடியைப் பார்ப்பார் என்று தெரியும். அதற்குள் கிலோ சார் முகத்தை ஜன்னல் பக்கம் திருப்பி, வெளியே எதையோ கவனமாகப் பார்க்கத் தொடங்கினார்.